குடலின் வேலியும் அதன் காவலர்களும்

நம்மில் அநேகரின் வீடுகளில் ஒரு மேசை லாச்சி உண்டு. சென்ற காய்ச்சலுக்கு வாங்கி, மூன்றாம் நாள் சுகம் கண்டதும் மீதப்படுத்திய குளிசைகள், யாருக்கு வாங்கியது என்றே நினைவில்லாத கப்சியூல்கள், பாதி தீர்ந்த சிரப் போத்தல் யாவும் அதற்குள் உறங்கும். எனது வீட்டிலும் அவ்வாறானதொரு லாச்சி இருந்தது. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நள்ளிரவில் என் இளைய மகனுக்குக் கடும் வயிற்றோட்டம் கண்டபோது, நானே அந்த லாச்சியைத் திறந்தேன். ஒரு கப்சியூலைப் பிரித்து, பாதித் தூளைச் சீனித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். மறுநாளும் அதுபோலவே செய்தேன். பிள்ளைக்கு வயிற்றோட்டம் குறையவில்லை; கூடிற்று.

மூன்றாம் நாள் வைத்தியரிடம் சென்றோம். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளையின் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தவாறே, "மௌலவி, எந்தக் கிருமியைக் கொல்வதற்காக இதைக் கொடுத்தீர்கள்?" என்று மாத்திரம் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. "உள்ளே காவலுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவி செய்யாவிட்டாலும் இடைஞ்சல் செய்யாமல் இருப்போமே" என்றார் அவர்.

அந்தக் காவலர்கள் யார், அவர்கள் எதைக் காக்கின்றனர் என்று தேடி வாசித்து அறிந்தவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உண்ட உணவு வயிற்றுக்குள் இறங்கிவிட்டால், அது உடலுக்குள் சென்றுவிட்டது என்றே நாம் எண்ணுகின்றோம். உண்மை அவ்வாறன்று. வாயிலிருந்து மலவாசல் வரை செல்வது ஒரு நீண்ட குழாய். ஒரு வளவின் நடுவே ஓடும் பொது ஒழுங்கையைப் போன்றது அது. ஒழுங்கையில் நடமாடுபவர் வளவுக்குள் வந்தவராக மாட்டார். வேலியைக் கடந்தால்தான் உள்ளே வந்தவராவார். அவ்வாறே, குடற்சுவரைக் கடந்து குருதியிற் சேர்ந்த பின்னரே உணவும் நமக்குள் வந்ததாகும்.

அந்த வேலி எவ்வளவு தடிப்பானது? நமது தோலின் மேற்பரப்பில் உயிரணுக்கள் எனப்படும் கலங்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவற்றின் மேல் இறந்த கலங்களாலான உறுதியான படையொன்றும் உண்டு. குடலின் உட்புறத்திலோ ஒரேயொரு கல வரிசை மாத்திரமே இருக்கின்றது. ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் அதன் தடிப்பு. வயிறு, குடல் ஆகியவற்றின் உட்பரப்பு ஒரு டெனிஸ் மைதானத்தின் அளவென்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. நானும் மேடைகளில் அதனைச் சொல்லியிருக்கின்றேன். 2014ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியின் துணையோடு மீண்டும் அளந்து, வாய் முதல் மலவாசல் வரையிலான அந்தப் பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீற்றர்தான் என்று திருத்தினர். ஒரு பெரிய அறையின் தரைக்கும் சற்றுக் கூடுதலான பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மிகப் பெரும் பகுதி ஒற்றை வரிசைக் கலங்களினாலேயே மூடப்பட்டுள்ளது.

ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? தடித்த சுவரினூடாக உணவு செல்லாது என்பதே காரணம். சீனியும், கொழுப்பும், புரதத்தின் கூறுகளும், உப்பும், நீரும் உட்புக வேண்டுமாயின் வேலி மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். ஆனால் அந்த ஒழுங்கையில் உணவு மட்டுமா செல்கின்றது? 2016இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, ஒரு சராசரி மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை பெருங்குடலிலேயே உள்ளன. நமது சொந்தக் கலங்களின் தொகையோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடிதான். இந்தப் பக்றீரியாக்கள் நம் எதிரிகள் அல்ல. நம்மாற் சமிக்க முடியாத நார்ப்பொருளை இவை உடைக்கின்றன. விற்றமின் கே போன்றவற்றை ஆக்குகின்றன. தீய கிருமிகள் குடியேற இடமின்றிச் செய்கின்றன. ஆயினும் இவையே வேலியைக் கடந்து குருதிக்குள் புகுந்தால் உயிராபத்து நேரலாம். ஒழுங்கையில் நல்ல அயலவர். வளவுக்குள் வந்தால் ஆபத்து.

ஆகவே குடலைக் காக்கும் கலங்களுக்கு இடப்பட்டுள்ள பணி மிகவும் நுட்பமானது. அனைத்தையும் கொல்லவும் கூடாது. எதனையும் உள்ளே விடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் அவற்றின் வாழ்வு முழுவதும் கழிகின்றது.

முதற்காவல் சீதம். வேலிக் கலங்களுக்கு இடையே கிண்ண வடிவில் அமைந்த சில கலங்கள் ஓயாது வழுவழுப்பான சீதத்தைச் சுரக்கின்றன. பெருங்குடலில் இச்சீதம் இரு படைகளாக உள்ளதென 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தனர். வெளிப்படை தளர்வானது, பக்றீரியாக்கள் அதில் வாழ்கின்றன. வேலியோடு ஒட்டிய உட்படையோ இறுக்கமானது. அங்கு அவை இல்லையெனும் அளவுக்கு அது தூய்மையாக இருந்தது. அந்தச் சீதத்தைச் சுரக்க இயலாத எலிகளில் பக்றீரியாக்கள் வேலியைத் தொட்டன. குடல் அழன்று புண்பட்டது.

சிறுகுடலில் உணவு உறிஞ்சப்பட வேண்டியிருப்பதால் சீதம் அவ்வளவு இறுக்கமாக இருக்க முடியாது. அங்கு வேறொரு ஏற்பாடு உண்டு. குடற் சடைமுளைகளின் அடிவாரத்திலுள்ள சிறு குழிகளில் மணிமணியான துகள்களை நிரப்பிக்கொண்டு சில கலங்கள் அமர்ந்திருக்கின்றன. 1888இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதிய ஒஸ்திரிய வைத்தியர் ஜோசப் பனெத்தின் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. கிருமிகளைக் கொல்லும் புரதங்களை இவை சீதத்தினுள் கசியவிடுகின்றன. அத்தகைய புரதமொன்றை ஏனைய வேலிக் கலங்களும் சுரக்கின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லோரா ஹூப்பர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 2011இல் அதனை எலிகளில் ஆராய்ந்தனர். அப்புரதம் இருக்கும்போது பக்றீரியாக்களுக்கும் வேலிக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு அகலமான வெற்று நிலம் இருந்தது. அப்புரதம் இல்லாத எலிகளில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. குடலின் நடுவே வாழ்ந்த பக்றீரியாக்களின் தொகையோ மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்புரதம் அவற்றை ஒழிக்கவில்லை. எல்லையில் நிறுத்தி வைத்தது, அவ்வளவே.

இனி நிர்ப்பீடனக் கலங்களிடம் வருவோம். நம் உடலின் நிர்ப்பீடனக் கலங்களில் மிகப் பெரும் பகுதி குடலைச் சார்ந்தே வாழ்கின்றது. அவற்றுட் சில, வேலிக் கலங்களின் இடுக்குகளுக்குள்ளேயே புகுந்திருக்கின்றன. சிறுகுடலில் நூறு வேலிக் கலங்களுக்குப் பத்து அல்லது அதற்கும் சற்று மேற்பட்ட நிணநீர்க் குழியங்கள் இவ்வாறு உள்ளன. அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. கலத்துக்குக் கலம் ஊர்ந்து ரோந்து செல்வதை எலிகளின் குடலில் நுணுக்குக்காட்டி மூலம் படம்பிடித்திருக்கின்றனர். வேலியின் மறுபுறத்தில் தின்குழியங்கள் காத்திருக்கின்றன. தப்பித் தவறி உள்ளே வரும் பக்றீரியாவை அவை விழுங்கிவிடுகின்றன. உடலின் வேறிடங்களில் உள்ள தின்குழியம் ஒரு கிருமியை விழுங்கினால் அபாயக் குரல் எழுப்பும். அவ்விடம் சிவந்து வீங்கும். குடலின் தின்குழியமோ சத்தமின்றி விழுங்கிச் சத்தமின்றிச் செரிக்கின்றது. ஒவ்வொரு பக்றீரியாவுக்கும் அது கூச்சலிட்டிருந்தால் நமது குடல் ஒரு நாளும் ஆறாத புண்ணாகவே இருந்திருக்கும்.

இவற்றோடு இன்னொரு வகைக் காவலரும் உளர். நிணநீர்க் குழியங்களின் இனத்தைச் சேர்ந்த இவற்றைப் பற்றி இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதியிலேதான் விஞ்ஞானிகள் தெளிவாக அறிந்தனர். இவை பிற கலங்களோடு பேசுவதற்கு இன்டர்லூக்கின்-22 எனும் புரதத்தை வெளிவிடுகின்றன. அதனைக் கலங்கள் தமக்குள் அனுப்பும் ஒரு கடிதமாகக் கொள்ளலாம். இக்கடிதத்தில் ஒரு விந்தை உண்டு. இதனை எழுதுபவர்கள் நிர்ப்பீடனக் கலங்கள். ஆனால் எந்த நிர்ப்பீடனக் கலத்தினாலும் இதனை வாசிக்க முடியாது, ஏனெனில் இதனைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பி அவற்றில் இல்லை. அது இருப்பது குடலின் வேலிக் கலங்களிலும், தோல், ஈரல், சதையி போன்ற சில உறுப்புகளின் கலங்களிலுமே. காவலர்கள் மேசன்மாருக்கு எழுதும் கடிதம் இது! "கிருமிகள் நெருங்குகின்றன; கொல்லும் புரதங்களைக் கூட்டுங்கள், சீதத்தைத் தடிப்பாக்குங்கள், இடிந்த இடத்தைக் கட்டுங்கள்" என்பதே அதன் வாசகம். குடலின் வேலிக் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்து புதியவை பிறக்கின்றன. அப்புதிய கலங்களை ஈன்றெடுக்கும் தாய்க்கலங்களையும் இக்கடிதம் தூண்டிவிடுவதாக 2015இல் அறியப்பட்டது. இன்டர்லூக்கின்-22 இல்லாத எலிகளுக்கு, சாதாரண எலி தாங்கிக்கொள்ளும் ஒரு குடற்கிருமியைக் கொடுத்தபோது அவை மடிந்தன.

அன்பின் சகோதர சகோதரிகளே! காவற் பணிகளில் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது பிறபொருளெதிரி பற்றிய செய்தியே. கிருமிகளை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதமே பிறபொருளெதிரி. அதில் பல வகைகள் உண்டு. குருதியில் மிகுந்திருப்பது 'ஜீ' வகை. குடலில் சுரப்பது 'ஏ' வகை. வளர்ந்த ஒரு மனிதனின் குடல் நாளொன்றுக்குச் சில கிராம் 'ஏ' வகைப் பிறபொருளெதிரியைச் சுரக்கின்றது. உடல் ஆக்கும் ஏனைய வகைகள் அனைத்தையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. ஒவ்வொரு நாளும் இவ்வளவு செலவு செய்து உடல் ஆக்கும் இப்பொருள் கிருமியைக் கொல்கின்றதா என்றால், பெரும்பாலும் இல்லை. அது கிருமிகளின் மேல் ஒட்டிக்கொள்கின்றது. ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியாக்குகின்றது. வேலியைப் பற்றிப் பிடிக்கும் அவற்றின் கைகளை மூடிவிடுகின்றது. பின்னர் அவை சீதத்தோடு சேர்ந்து மலத்தில் வெளியேறுகின்றன. இரத்தமும் இல்லை, அழற்சியும் இல்லை.

இது எவ்வாறு உருவாகின்றது? சிறுகுடலின் பிற்பகுதியில் ஆங்காங்கே முட்டை வடிவிலான திட்டுகள் உள்ளன. சுவிட்சர்லாந்தின் யோஹான் கொன்ராட் பையர் எனும் வைத்தியர் 1677இல் இவற்றை விவரித்தார்; அவர் பெயராலேயே 'பையர் திட்டுகள்' எனப்படுகின்றன. அவற்றின் மேல் வேலி வேண்டுமென்றே சற்றுத் தளர்த்தப்பட்டுள்ளது. அங்குள்ள விசேட கலங்கள் ஒழுங்கையில் நடமாடும் கிருமிகளை மாதிரிக்குச் சிலவாகப் பிடித்து உள்ளே கொடுக்கின்றன. கிளைபரப்பிய கலங்கள் எனப்படும் தூதுவர்கள் அவற்றை ஏந்திக் குடலை அடுத்துள்ள நிணநீர்க் கணுக்கள் வரை எடுத்துச் செல்கின்றன. அதற்கு அப்பால் உயிருள்ள கிருமி செல்ல அனுமதி இல்லை என்பதை 2004இல் சுவிஸ் ஆய்வாளர்கள் எலிகளிற் காட்டினர். இத்திட்டுகளிலும் கணுக்களிலும் நிணநீர்க் குழியங்கள் கிருமியின் அடையாளத்தைக் கற்கின்றன. பின்னர் நிணநீரினூடாகக் குருதியில் கலந்து, உடல் முழுதும் சுற்றி, மீண்டும் குடலுக்கே வந்து சேர்கின்றன. எத்தனையோ உறுப்புகள் இருக்கக் குடலுக்கே வழி கண்டு திரும்புவது எங்ஙனம்? அந்தத் தூதுக் கலங்கள் விற்றமின் ஏயிலிருந்து ஆக்கும் ஒரு பொருளே அவற்றின் மேல் 'குடல்' என்ற முகவரியைப் பொறிக்கின்றது. நமது முருங்கை இலையும், கரட்டும், முட்டை மஞ்சட்கருவும் கண்ணுக்கு மட்டும் நல்லவை என்று எண்ணியிருந்தேன். குடற்காவலரின் முகவரியும் அவற்றில்தான் இருக்கின்றதாம்.

அவ்வாறு திரும்பும் கலங்களிற் சில, பாலூட்டும் தாயின் மார்பகத்துக்கும் செல்கின்றன. உம்மாவின் குடல் எந்தக் கிருமிகளைக் கண்டு பழகியதோ, அதே கிருமிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அவரது பாலிற் சுரக்கின்றன. பிறந்த பிள்ளையின் குடல் தனக்கென இவற்றைப் போதியளவு ஆக்கிக்கொள்ள மாதங்கள் செல்லும். அந்த இடைக்காலத்தில் அதே வீட்டின், அதே கிணற்றின், அதே சமையலறையின் கிருமிகளுக்கென்றே தயாரான காவல் பாலோடு வந்து சேர்கின்றது. முதற் சில நாட்களிற் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் இது மிகச் செறிவாக உள்ளது. அதனைப் பழுதான பால் என்று பீய்ச்சி ஊற்றும் வழக்கம் சில மூத்த பெண்மணிகளிடம் இருந்தது. அவர்களை நான் குறை கூறவில்லை. அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

போலியோவுக்கு வாய்வழியாகச் சொட்டு மருந்து கொடுப்பதிலும் இந்த இரகசியமே உள்ளது. அந்த வைரஸ் நுழைவது குடல் வழியாக. ஆதலால் குடலிலேயே 'ஏ' வகைப் பிறபொருளெதிரியை உண்டாக்கி வாசலிலே அதனை மறிக்கின்றது சொட்டு மருந்து. இலங்கையில் இறுதியாகப் போலியோ நோயாளி காணப்பட்ட ஆண்டு 1993.

இந்த வாசலைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்ட கள்வனும் உண்டு. நெருப்புக் காய்ச்சலை உண்டாக்கும் பக்றீரியா, மாதிரிக்காகத் திறந்து வைக்கப்பட்ட பையர் திட்டுகளினூடாகவே உட்புகுகின்றது. தன்னை விழுங்க வந்த தின்குழியத்துக்குள்ளேயே ஒளித்து வாழ்ந்து, அதன் மீதேறிப் பயணம் செய்கின்றது. சிகிச்சையின்றி விடப்பட்ட நோயாளிக்கு மூன்றாம் வாரமளவில் குடலில் துளை விழும் அபாயம் அந்தத் திட்டுகளில்தான் ஏற்படுகின்றது. இத்தகைய நோய்க்கு அன்டிபயோட்டிக் மருந்து உயிர்காப்பது. வைத்தியர் சொன்ன நாட்கள் முழுவதும் அதனைக் குடித்தே ஆக வேண்டும். மருந்து எதிரி என்று யாரும் விளங்கிக்கொண்டு விடக் கூடாது என்பதற்காகவே இதனை இங்கு கூறினேன்.

சரி, இவ்வளவு ஆயுதபாணிகள் காவலிருக்கும் இடத்தில் அவர்களை அடக்கி வைப்பது யார்? ஒழுங்காக்கும் கலங்கள் என்ற ஒரு பிரிவினர் உளர். ஏனைய நிர்ப்பீடனக் கலங்கள் எல்லை மீறாது தடுப்பதே அவர்களின் பணி. அவர்களை இனங்கண்ட ஜப்பானிய விஞ்ஞானி ஷிமொன் சகாகுச்சிக்கும், அவர்களை ஆக்கும் பரம்பரையலகைக் கண்டறிந்த அமெரிக்கர்களான மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தப் பரம்பரையலகு பழுதான நிலையில் அரிதாகச் சில ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அக்குழந்தைகளிடம் பெரும்பாலும் முதலில் தோன்றும் நோய்க்குறிகளில் ஒன்று நில்லாத வயிற்றோட்டம். எந்தக் கிருமியும் அதற்குக் காரணமன்று. அடக்குபவர் இல்லாத காவலர்களே தாம் காக்க வேண்டிய வேலியைப் பிய்த்தெறிகின்றனர்.

இதற்கு நெருங்கிய மற்றொரு செய்தி ஜேர்மனியிலிருந்து வந்தது. 'அமைதியாயிருங்கள்' என்று காவலர்களுக்குக் கட்டளையிடும் இன்டர்லூக்கின்-10 எனும் கடிதத்தை வாசிக்க இயலாத குழந்தைகளைப் பற்றி அங்கு வைத்தியர்கள் 2009இல் அறிக்கையிட்டனர். பிறந்த சில மாதங்களிலேயே அவர்களின் குடல் கடுமையாகப் புண்பட்டது. வழமையான மருந்துகள் பயன் தரவில்லை. ஒரு குழந்தைக்குப் பிறரின் என்பு மச்சையைப் பொருத்தி, புதிய நிர்ப்பீடனக் கலங்கள் பிறக்கச் செய்தனர். குடல் ஆறியது. குடலின் கலங்கள் எவையும் மாற்றப்படவில்லை, மாற்றப்பட்டவர்கள் காவலர்களே.

காவலர்கள் அடங்காவிட்டால் நேர்வது இது. காவலர்களின் குரலை நாமே அடைத்தால் என்ன நேரும்? குறோன் நோய் எனப்படும் நாட்பட்ட குடல் அழற்சியில் இன்டர்லூக்கின்-17 எனும் கடிதம் குடலில் மிகுதியாகக் காணப்படும். ஆகவே அதனைத் தடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்தால் அழற்சி அடங்கும் என்று வைத்தியர்கள் எண்ணினர். எண்ணியதில் தவறில்லை, சொரியாசிஸ் எனும் தோல் நோய்க்கு அதே மருந்து நன்கு பயனளித்தது. 59 நோயாளிகளைக் கொண்டு செய்த அந்தப் பரிசோதனையின் முடிவு 2012இல் வெளியானது. மருந்து பயன் தராதது மட்டுமன்று, வெற்று மருந்து பெற்றவர்களை விட அதைப் பெற்றவர்களின் நிலை மோசமாக இருந்தது. பங்கசுத் தொற்றும் கூடுதலாகக் கண்டது. பின்னர் எலிகளில் ஆராய்ந்தபோது காரணம் துலங்கியது. அழற்சிக்கு அழைப்பு விடும் அதே கடிதமே, வேலிக் கலங்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கும் கட்டளையையும் சுமந்து சென்றது. இப்பரிசோதனையைப் பற்றி வாசித்த அன்று என் மேசை லாச்சி நினைவுக்கு வந்தது. நோயை நன்கறிந்த நிபுணர்களே இவ்வாறு எதிர்பாராத விளைவைக் கண்டனர் என்றால், நள்ளிரவில் கப்சியூல் பிரித்த என் கணக்கு எம்மட்டு?

காவலரே மடிந்துவிட்டால் நேர்வதை எச்.ஐ.வி. தொற்று காட்டுகின்றது. அந்த வைரஸ் உடலிற் புகுந்த சில வாரங்களுக்குள்ளேயே, குருதியில் உள்ளதை விடக் குடலிலுள்ள நிர்ப்பீடனக் கலங்களை வேகமாக அழிக்கின்றது. வேலியைப் பேணும் கடிதங்களை எழுதும் கலங்களும் அவற்றுள் அடங்கும். பக்றீரியாக்களின் சுவர்த் துண்டுகள் குடலிலிருந்து குருதிக்குள் கசிவதையும், அதனால் உடலின் நிர்ப்பீடனம் ஓயாது தூண்டப்பட்டுக் களைத்துப் போவதையும் 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அந்நோயாளிகளின் உடல் மெலிவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் பின்னால் இந்த உடைந்த வேலியும் நிற்கின்றது. இன்று அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. எவ்வளவு முந்திப் பெறுகின்றனரோ அவ்வளவு வேலி எஞ்சும். மக்கள் தூற்றுவார்கள் என்ற அச்சத்தில் ஒருவர் வைத்தியசாலைப் படியேறத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு நாமும் பொறுப்பாளிகள்.

இப்போது வைத்தியர் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருவோம். எந்தக் கிருமியைக் கொல்ல?

சிறு பிள்ளைகளின் நீர்த்த வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ்கள். அன்டிபயோட்டிக் மருந்து வைரஸைத் தொடாது. அது தொட்டது ஒழுங்கையின் நல்ல அயலவரை. அந்த அயலவர் குறைந்தால் இடம் மட்டும் காலியாவதில்லை. வேலிக் கலங்கள் கொல்லும் புரதங்களை எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை, அயலவரின் அரவத்தைக் கேட்டே தீர்மானிக்கின்றன. 2008இல் எலிகளுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்துப் பார்த்தபோது அரவம் ஓய்ந்தது. ஹூப்பர் குழுவினர் ஆராய்ந்த அதே புரதத்தின் சுரப்பும் சரிந்தது. மருந்துக்கு அடங்காத ஒரு பக்றீரியா அந்த வெற்றிடத்திற் குடியேறியது. அயலவரை விரட்டிய மருந்து காவலரையும் உறங்க வைத்துவிட்டது. மனிதரிலும், அன்டிபயோட்டிக் குடித்தபின் ஏற்படும் வயிற்றோட்டமும், சில வேளைகளில் அதனைத் தொடர்ந்து குளொஸ்ரிடியம் வகைப் பக்றீரியா உண்டாக்கும் கடும் பெருங்குடல் அழற்சியும் வைத்தியர்கள் நன்கறிந்தவையே. என் மகனுக்கு இரண்டாம் நாள் வயிற்றோட்டம் கூடியதற்கு நான் கொடுத்த தூளும் காரணமாயிருக்கலாம் என்றே வைத்தியர் கூறினார்.

உணவின் பங்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். நார்ப்பொருளைப் பக்றீரியாக்கள் புளிக்கவைத்து ஆக்கும் பியூற்றிரேற் எனும் பொருள், ஒழுங்காக்கும் கலங்கள் பெருகத் துணை செய்வதாக 2013இல் எலிகளில் கண்டறிந்தனர். நார்ப்பொருளே இல்லாத உணவைக் கொடுத்தால் பக்றீரியாக்கள் பசிக்கு என்ன செய்யும்? மனிதக் குடற் பக்றீரியாக்களைக் குடியேற்றிய எலிகளில் 2016இல் அதனைப் பார்த்தார்கள். அவை சீதத்தைத் தின்னத் தொடங்கின. வேலிக்கு முன்னிருந்த சீதப்படை மெலிந்தது. அதன் பின் ஒரு குடற்கிருமியைக் கொடுத்தபோது நோய் கடுமையாயிற்று. தவிட்டரிசியும், பருப்பும், கீரையும், பழமும் உண்ணும் வீட்டில் அயலவருக்கு வேறு சாப்பாடு இருக்கின்றது. பிள்ளைக்குப் பிஸ்கட்டையும் இனிப்புச் சோடாவையும் கொடுத்துப் பழக்கிய வீட்டில் என்ன இருக்கின்றது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால், வெளியேறும் நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே முதல் வேலை. நாம் ஜீவனி என்று வாங்கும் தூளில் இருப்பது உப்பும் சீனியும்தான். பைக்கற்றில் குறிப்பிட்டுள்ள அளவு கொதித்தாறிய நீரில், கூட்டாமலும் குறைக்காமலும் கரைக்க வேண்டும். வேலிக் கலங்கள் நோயுற்றிருந்தாலும், சீனியையும் உப்பையும் சேர்த்து உள்ளிழுக்கும் அவற்றின் கதவு பெரும்பாலும் பழுதடைவதில்லை. அவ்விரண்டையும் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது. அதன் வெற்றிக்கு அதுவே காரணம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வழமையான உணவையும் கொடுக்கலாம். வைத்தியர் சொல்லும் அளவில் 10 முதல் 14 நாட்களுக்கு நாகச் சத்து, அதாவது சிங்க் கொடுப்பது வேலியைப் புதுப்பிக்க உதவும். மலத்தில் இரத்தம் கண்டால், கண்கள் குழிவிழுந்தால், சிறுநீர் குறைந்தால், குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தால், கடும் காய்ச்சலோடு பிள்ளை சோர்ந்து மயங்கினால் ஒரு நொடியும் தாமதியாது வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். அன்டிபயோட்டிக் தேவையா என்பதை அங்குள்ளவர்கள் தீர்மானிப்பார்கள்.

என் மகன் அடுத்த இரண்டு நாட்களில் ஜீவனியோடும் கஞ்சியோடும் தேறிவிட்டான். அந்த லாச்சியிலிருந்த பழைய மருந்துகளை அவனது உம்மா அன்றே அகற்றிவிட்டார். இப்போது அதனைத் திறந்தால் நான்கு ஜீவனி பைக்கற்றுகளும், வெப்பமானி ஒன்றும், வைத்தியரின் தொலைபேசி இலக்கம் எழுதிய ஒரு துண்டும் இருக்கின்றன.